எண்ணாது செய்தல்: சொல்லும் வழக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் கற்றுத் துறைபோகிய புலவர் பெருமக்கள் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு, பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட இரயில்வே எழுத்தர் ஒருவரை அழைத்து, ‘நீங்களும் சிறிது பேசவேண்டும்’ என்று சங்கத்தார் பணித்துவிட்டார்கள். கேட்ட மாத்திரத்தில், முன்பின் பாராமல், ‘ஆகட்டும்’ என்று கூறிவிட்டோம். வீடு திரும்பிய பின்னரே அச்சம் பிறந்தது. ஆயினும் அந்த அச்சமே இன்றைய பேச்சுக்குப் பொருளையும் தந்தது. எண்ணிப் பாராமல் ஒன்றைச் செய்துவிடுவதற்குத் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன! அவையெல்லாம் ஒரு பொருளையே குறிக்கின்றனவா? நாம் வாழவந்த இச்சித்தூர், திருப்பதிச் சீமையிலே, தெலுங்கு மக்கள் அவற்றை எவ்வாறு வழங்குகிறார்கள்? இவற்றை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் கூறுகிறது. அவ்வெல்லையின் மீதே நாம் குடியிருக்கிறோம். 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலத்தோடு சென்றது. திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1-இல் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நிலத்தின் எல்லையைக் கல் நட்டுக் காட்டலாம்; சொல்லின் எல்லைக்குக் கல் நடுவார் எவரும் இலர். ஒரு சொல் காலையில் தெலுங்கர் வீட்டிலும் மாலையில் தமிழர் வீட்டிலும் புழங்குகிறது. வேடம் ஒன்றாயிருக்க, பொருள் மட்டும் மாறிவிடுகிறது. அம்மாற்றத்தை அறியாமல் நாம் செய்த தவறு ஒன்றையும் இங்கே கூறப்போகிறோம். அதற்கு முன், நம் சொந்தச் சொற்களைச் சிறிது வகைப்படுத்திக்கொள்வோம்.

எண்ணாது செய்தல் என்பது ஒரே குற்றம் அன்று. நுணுகி நோக்கினால் அது நான்கு வகைப்படும்.

முதல் வகை, விரைவினால் எண்ணாமை. அவசரம், பதற்றம், ஆத்திரம் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. பதறுதல் என்பது உடல் நடுக்கத்தையும் குறிக்கும், காரியத்தில் விரைவதையும் குறிக்கும். கை பதறினால் பாத்திரத்து நீர் சிந்துவதுபோல, மனம் பதறினால் காரியம் சிந்திவிடுகிறது. ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி இதனையே உணர்த்துகிறது. ‘எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசாதே’ என்று பெரியவர்கள் கண்டிப்பதுண்டு. எடுப்பதற்கும் கவிழ்ப்பதற்கும் இடையே, உள்ளே என்ன இருக்கிறது என்று நோக்குவதற்கான ஒரு கணம் உண்டல்லவா? அந்தக் கணம் அத்தொடரில் இல்லை. இல்லாதது அதுவே என்பதைத்தான் அத்தொடர் காட்டுகிறது.

இரண்டாம் வகை, கண்ணை மூடிக்கொள்வதால் எண்ணாமை. கண்மூடித்தனம், குருட்டாம்போக்கு, ‘ஆழம் தெரியாமல் காலை விடுதல்’, அசட்டுத் துணிச்சல் ஆகியன இதில் அடங்கும். இங்கே விரைவு இருக்கவேண்டும் என்பதில்லை. பத்து நாள் அவகாசம் இருந்தும், ‘பிறர் போட்டார்கள், நாமும் போட்டோம்’ என்று ஊர் பேர் தெரியாத சீட்டுக் கம்பெனியில் பணத்தைக் கொட்டுகிறவர் அவசரப்பட்டவர் அல்லர், கண்ணை மூடிக்கொண்டவர். ‘கண்மூடி’ என்னும் சொல்லின் நயத்தை நோக்குங்கள். கண் இல்லாதவரை அச்சொல் பழிக்கவில்லை. கண் இருந்தும் அதை மூடிக்கொண்டவரையே பழிக்கிறது. ‘துணிவு’ என்னும் சொல்லும் சிந்திக்கத்தக்கது. பழைய தமிழில் துணிதல் என்பதற்கு ஆராய்ந்து தெளிதல், முடிவு செய்தல் என்னும் பொருள்களும் உண்டு. துணிபு என்றால் முடிந்த முடிவு. இன்றோ, துணிச்சல் என்பது ஆராயாமல் குதிப்பதற்கும் பெயராகி நிற்கிறது. எண்ணத்தின் முடிவைக் குறித்த சொல்லிலிருந்து எண்ணமே கழன்றுபோய்விட்டது.

மூன்றாம் வகை, பழக்கத்தினால் எண்ணாமை. கைப்பழக்கம், பழக்கதோஷம், ‘ஏனோதானோ’, ‘கடனே என்று செய்தல்’, இயந்திரம்போலச் செய்தல் என்பன இவ்வகை. அலுவலகத்தில் வேலை செய்வோர்க்கு இது மிகவும் நெருங்கிய உறவு. ஒன்றை ஆயிரம் முறை செய்தவன் ஆயிரத்தோராம் முறை அதைப் பார்ப்பதில்லை; கை செய்கிறது, கண் எங்கோ இருக்கிறது. செய்தித்தாள்களில் ‘அஜாக்கிரதை’ என்னும் சொல்லை அடிக்கடி காண்கிறோம். ஜாக்கிரதை என்பது விழித்திருத்தலைக் குறிக்கும் வடசொல்வழி வந்தது. ஆகவே அஜாக்கிரதை என்றால், கண் திறந்தபடியே உறங்குதல் என்று கொள்ளலாம். வள்ளுவர் பெருமான் ‘தெரிந்து செயல்வகை’ என்று ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், ‘பொச்சாவாமை’ என்று வேறோர் அதிகாரமும் வகுத்தார். ஆராயாமல் தொடங்குவது வேறு, அறிந்த ஒன்றிலே மறந்து சோர்வது வேறு என்பதை அவர் எவ்வளவு தெளிவாகப் பிரித்திருக்கிறார்!

நான்காம் வகை, தன்னையறியாமல் செய்தல். சுடுகலத்தில் பட்ட கை தானே பின்வாங்குகிறது. இதனைத் தமிழ்ப் பாடநூல் ‘அனிச்சைச் செயல்’ என்கிறது. இச்சையின்றி நிகழ்வது என்பது பொருள். இங்குள்ள தெலுங்குப் பாடநூலோ அதனையே ‘ப்ரதீகார சர்ய’ என்கிறது. எதிர்ச்செயல் என்பது கருத்து. தமிழ் செய்பவனுடைய மனத்தை நோக்கிப் பெயரிட்டது. தெலுங்கு செயலை நோக்கிப் பெயரிட்டது. அலிபிரியில் நின்று மலையை அண்ணாந்து நோக்கும் முதியவரின் கைகள் தாமே குவிகின்றனவே, அதுவும் எண்ணாமல் செய்ததே. அதனை அவசரம் என்போமா? கண்மூடித்தனம் என்போமா? ‘தன்னையறியாமல் கைகூப்பினார்’ என்று அன்போடு கூறுகிறோம். கால் இடறுவதும் வாய் தவறுவதும் இவ்வகையைச் சார்ந்தனவே. ‘கால் ஜாரினால் எடுத்துக்கொள்ளலாம், நோரு ஜாரினால் எடுத்துக்கொள்ள முடியாது’ என்னும் கருத்துடைய பழமொழி தெலுங்கில் உண்டு. நோரு என்றால் வாய், ஜாருதல் வழுக்குதல். நாம் ‘வாய் தவறி’ என்கிறோம், அவர்கள் ‘வாய் வழுக்கி’ என்கிறார்கள்.

இவ்வகைப்பாடு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். குற்றத்திற்கு ஏற்ற சொல்லைச் சொல்லாவிட்டால் நீதி தவறிவிடும் என்பதற்காகவே. வீட்டில் குழந்தை பால் தம்ளரைக் கொட்டிவிடுகிறது. ‘புத்தி இருக்கிறதா?’ என்று சீறுகிறோம். ஓடிவந்ததால் கொட்டியதா, தம்ளரைப் பாராமல் கை நீட்டியதால் கொட்டியதா, நாம் திடீரென்று அதட்டியதால் கை நடுங்கிக் கொட்டியதா என்று எண்ணுவதில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஓடுகிற பிள்ளைக்கு நிதானம் கற்பிக்கவேண்டும். பாராத பிள்ளைக்குக் கவனம் கற்பிக்கவேண்டும். நடுங்குகிற பிள்ளைக்கு நாம் அதட்டாமல் இருக்கக் கற்கவேண்டும். சட்டமும் இவ்வேறுபாட்டை அறியும். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 304-ஏ பிரிவிலும், 1989-ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டம் 154-ஆம் பிரிவிலும், முரட்டுத் துணிச்சலான செயல் என்றும் கவனக்குறைவான செயல் என்றும் இரண்டையும் தனித்தனியே பெயர் சொல்லியே குறிப்பிட்டன. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்திற்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவும் அவ்வாறே செய்கிறது.

இனித் தெலுங்குப் பக்கம் செல்வோம்.

இவ்வூர்களுக்குப் புதிதாக மாற்றலாகி வரும் தமிழர் முதல் வாரத்திலேயே சில சொற்களில் இடறி விழுவது உறுதி. ‘தொந்தர’ என்றால் தெலுங்கில் விரைவு. நமக்கோ தொந்தரவு என்றால் தொல்லை. ‘தொந்தரகா ரண்டி’ என்று ஒருவர் அன்போடு விரைந்து வருமாறு அழைத்தால், ‘தொந்தரவாக வரச் சொல்கிறாரே’ என்று நாம் திகைக்கிறோம். ‘ஊரிகே வச்சானு’ என்று ஒருவர் கூறினால், ஊருக்கே வந்துவிட்டார் என்று எண்ணி, ‘குடும்பத்தோடா?’ என்று விசாரிக்கிறோம். அவரோ ‘சும்மா வந்தேன்’ என்றுதான் கூறினார்! ‘ஆலோசன’ என்றால் அவர்களுக்கு எண்ணம். நமக்கு ஆலோசனை என்றால் பெரும்பாலும் பிறரோடு கலந்து பேசுதல், அல்லது பிறருக்குச் சொல்லும் யோசனை. தனியே இருந்து எண்ணுவதையும் தெலுங்கர் ஆலோசன என்கிறார்கள்.

‘ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு’ என்று நாம் சொல்கிறோம். இன்று ஆத்திரம் என்றவுடன் நமக்குச் சினமே நினைவுக்கு வருகிறது. இப்பழமொழியிலோ அஃது விரைவையே குறிக்கிறது. தெலுங்கில் ‘ஆத்ரம்’ என்பது இன்றும் அப்பொருளிலேயே வழங்குகிறது. ‘ஆத்ரப்பட்ட மாப்பிள்ளை அத்தையின் கழுத்தில் தாலி கட்டினானாம்’ என்னும் கருத்துடைய பழமொழியை இங்குள்ள பாட்டிமார் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அத்தை என்றால் அங்கே மாமியார். அவசரத்தால் விளையும் கேட்டை இதைக்காட்டிலும் சுருக்கமாக யார் சொல்லிவிட முடியும்? இந்த ஆத்ரம், ஆதுரம் என்னும் வடசொல்லின் திரிபு. ஆதுரர் என்றால் நோயுற்றோர். மருத்துவமனையை ஆதுரசாலை என்று வழங்கியதும் இதனாலேயே. ஆகவே, விரைவு ஒரு நோய் என்னும் குறிப்பு அச்சொல்லுக்குள்ளேயே மறைந்திருக்கிறது. மருந்தும் தெலுங்கர் கையில் உண்டு: ‘நிதானமே ப்ரதானம்’ என்பார்கள். நாம் ‘ஆற அமர யோசித்துச் செய்’ என்கிறோம். சூடு ஆறவேண்டும், உடல் அமரவேண்டும். பிறகே எண்ணம் என்பது நம் முன்னோர் கண்ட முறை. அதே முன்னோர் ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்றும் கூறிவைத்தார்கள் என்பதையும் மறத்தலாகாது. அளவுக்கு மேல் ஆறவிட்டாலும் காரியம் கெடும்.

இவை யாவற்றிலும் நம்மை மிகுதியாக ஏமாற்றும் சொல் ‘அவசரம்’ என்பதே. நமக்கு அவசரம் என்றால் விரைவு. தெலுங்கர்க்கு அவசரம் என்றால் தேவை. நியாய விலைக் கடையில் ‘நித்யாவசர ஸருகுலு’ என்று எழுதியிருப்பதைப் படித்த நம் ஊர் உறவினர் ஒருவர், ‘இங்கே நித்தமும் அவசரமாகச் சருகு விற்கிறார்களா?’ என்று கேட்டார். நாள்தோறும் தேவைப்படும் சரக்குகள் என்பது அதன் பொருள். எல்லோரும் சிரித்தோம். சிரிக்க முடியாத நிகழ்ச்சி ஒன்றும் நம் வாழ்வில் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன்பு, இப்பகுதியில் ஒரு நிலையத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்து, பயணச்சீட்டுக் கொடுக்கும் பலகணியில் அமர்ந்திருந்தோம். காட்பாடிப் பக்கம் செல்லும் பாசஞ்சர் வண்டி வரும் நேரம். வரிசையில் இருபது பேருக்குக் குறையாமல் நின்றிருந்தனர். அப்போது முதிய அம்மையார் ஒருவர் வரிசையை விட்டுப் பலகணியின் ஓரமாக வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ‘நாயனா, சாலா அவசரம்’ என்றார். சால என்பது மிகுதியைக் குறிக்கும் நல்ல தமிழ் உரிச்சொல். அவசரமோ நாம் நாள்தோறும் வழங்கும் சொல். இரண்டும் நமக்குத் தெரிந்த சொற்களாகவே இருந்தமையால், அவர் கூறியது முழுவதும் விளங்கிவிட்டதாக எண்ணினோம். ‘அம்மா, இங்கே எல்லோருக்கும் அவசரந்தான். அவசரப்படாமல் வரிசையில் நில்லுங்கள்’ என்று, தலையை நிமிர்த்தாமலே கூறினோம். அவர் ஒன்றும் பேசாமல் வரிசையின் கடைசிக்குச் சென்று நின்றார். அவருடைய முறை வருமுன்னே வண்டி புறப்பட்டுவிட்டது.

சிறிது நேரம் கழித்து, நம்மோடு பணி செய்த தெலுங்கு நண்பர் ஒருவர், நடைமேடையிலுள்ள பலகையில் அமர்ந்து அந்த அம்மையார் கண்ணீர் வடிப்பதைக் கண்டு விசாரித்துவிட்டு வந்தார். அவருடைய கணவர் வேலூரில் மருத்துவமனையில் கிடக்கிறார். அறுவைச் சிகிச்சைக்குக் கட்டவேண்டிய பணம் அம்மையாரின் மடியில் இருக்கிறது. அன்று பகலுக்குள் அது போய்ச் சேரவேண்டும். ‘அவர் விரைவாக வேண்டும் என்று உம்மிடம் சொல்லவில்லை ஐயா, கட்டாயம் போகவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்’ என்றார் நண்பர். பிறகு அவரே அம்மையாரை அழைத்துச் சென்று வேலூர் செல்லும் பேருந்தில் ஏற்றி அமர்த்திவிட்டுத் திரும்பினார்.

அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ‘அவசரப்படாதீர்கள்’ என்று அவருக்கு உபதேசம் செய்தவர் நாம். உண்மையில் எண்ணாமல் செய்தவர் யார்? அவர் வெகுநேரம் எண்ணி, அஞ்சி, தயங்கி, பிறகே வரிசையை விட்டு வந்திருப்பார். நாமோ ஒரு சொல்லைக் காதில் வாங்கிய கணமே தீர்ப்பு எழுதிவிட்டோம். அவரைப் பார்த்துச் சொன்ன சொல் நமக்கே உரியதாயிற்று. நம் தவறு விரைவினால் வந்ததா என்று பிறகு பலமுறை எண்ணிப் பார்த்தோம். அன்று, பழக்கத்தினால் வந்தது. ‘அவசரம்’ என்று நாள்தோறும் நூறு பேர் கூறுவதைக் கேட்டுக் கேட்டு, அச்சொல்லைக் கேட்டால் நிமிர்ந்து பாராமலிருக்கக் காது பழகிவிட்டது. தலையை நிமிர்த்தி அவர் முகத்தை ஒருமுறை பார்த்திருந்தால், மொழி தெரியாவிட்டாலும் பொருள் தெரிந்திருக்கும்.

சில வாரங்கள் கழித்து அதே அம்மையார், மெலிந்த முதியவர் ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். அவரைப் பலகையில் அமர்த்திவிட்டு, வரிசையில் நின்று, தம் முறை வந்தபோது இரண்டு சீட்டுகள் வாங்கிக்கொண்டு சென்றார். அவர் நம்மை அடையாளம் அறிந்துகொள்ளவில்லை. நாம் அவரை அறிந்தோம். மன்னிப்புக் கேட்கத் தெலுங்கில் ஒரு சொல் அன்று நமக்கு வாய்க்கவில்லை.

அதன் பிறகே இச்சொல்லின் வரலாற்றை அறியும் ஆவல் பிறந்தது. அவசரம் என்பது வடசொல். தக்க சமயம், வாய்ப்பு என்பது அதன் அடிப்படைப் பொருள். இந்தியில் ‘அவசர்’ என்றால் இன்றும் வாய்ப்பே, மலையாளத்திலும் அவ்வாறே. கன்னடத்தில் நம்மைப்போல விரைவு. தெலுங்கில் தேவை. வாய்ப்பு, தேவை, விரைவு என்று ஒரு சொல் மூன்றாகக் கிளைத்திருக்கிறது. கோயில் வழக்கு இதன் பழம்பொருளைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. திருவரங்கத்தில் பெருமாளுக்கு உச்சிப்பொழுதில் அமுது செய்விக்கும் தளிகைக்குப் ‘பெரிய அவசரம்’ என்று பெயர். பெருமாளுக்கு என்ன அவசரம் என்று கேட்டுவிடாதீர்கள்! உரிய வேளையில் செய்யும் ஆராதனை என்பதே அதன் கருத்து. நம் திருமலைக் கோயிற் கல்வெட்டுகளிலும், அவற்றுள் பெரும்பாலானவை தமிழிலேயே உள்ளவை, அமுதுபடியைக் குறித்து இச்சொல் வருகிறது. ஆகவே, அவசரம் என்பது தொடக்கத்தில் எண்ணாமல் செய்வதற்குப் பெயரே அன்று. எந்த வேளையில் எது உரியது என்று எண்ணிச் செய்வதற்கே அது பெயர். வள்ளுவர் ‘காலமறிதல்’ என்று அதிகாரம் வகுத்தாரே, அந்தக் காலத்தைக் குறித்த சொல் அது.

பிரிந்த மூன்று பொருள்களையும் மீண்டும் சேர்த்துப் பார்க்க ஓர் எளிய இடம் உண்டு. இரயில் பெட்டியில் தொங்கும் அபாயச் சங்கிலியே அது. தக்க, போதிய காரணம் இன்றி அதனை இழுப்பது 1989-ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டம் 141-ஆம் பிரிவின்படி குற்றம். நண்பன் இன்னும் வந்து சேரவில்லை என்று இழுப்பவனுக்கு இருப்பது தமிழ் அவசரம். சக்கரத்தின் அருகே ஒருவர் விழுந்துவிட்டார் என்று இழுப்பவருக்கு இருப்பது தெலுங்கு அவசரம். இருவரும் ஒரே விரைவோடுதான் கையை நீட்டுகிறார்கள். ஒன்று குற்றம், மற்றொன்று கடமை. வேறுபாடு விரைவில் இல்லை, தேவையில் இருக்கிறது. தெலுங்கில் மருத்துவமனையின் அவசரப் பிரிவை ‘அத்யவசர’ என்று எழுதுகிறார்கள். மிக மிகத் தேவையானது என்பது பொருள். தேவை முன்னே செல்ல, விரைவு பின்னே செல்லவேண்டும் என்பதை அப்பெயர்ப்பலகையே நினைவூட்டுகிறது.

பழக்கத்தால் வரும் எண்ணாமைக்கு மருந்து உண்டா? இரயில்வேயில் ஒன்று உண்டு, அதுவும் சொல்லே. எஞ்சினில் இருக்கும் லோகோ பைலட்டும் அவருடைய உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலையும் கண்டவுடன், அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பது விதி. இருவர் கண்ணுக்கும் பச்சை தெரிகிறது. பிறகு ஏன் ‘பச்சை’ என்று கூவவேண்டும்? கண் பார்த்ததை மனமும் பார்க்கவேண்டும் என்பதற்காகவே. ஜப்பானிய இரயில்வேயில் விரலாற் சுட்டி வாயாற் சொல்லும் முறை நெடுங்காலமாக உண்டு. அந்நாட்டு இரயில்வே தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1994-இல் எளிய வேலை ஒன்றைக் கொடுத்து இதனைச் சோதித்தது. ஒன்றும் செய்யாதபோது 100 செயலுக்கு 2.38 தவறுகள் நேர்ந்தன. சுட்டியும் சொல்லியும் செய்தபோது அவை 0.38 ஆகக் குறைந்தன. ஒரு சொல்லின் ஆற்றல் இது!

நம் பலகணிக்கும் இம்மருந்து பொருந்தும். திருப்பத்தூர் நிலையத்தின் குறியீடு டி.பி.டி.; திருப்பதியின் குறியீடு டி.பி.டி.ஒய். இடையே ஓர் எழுத்தே வேறுபாடு. கணிப்பொறியில் பழகிய விரல் ஓரெழுத்து முன்னதாக நின்றுவிட்டால், ஏழுமலையான் தரிசனத்திற்குப் புறப்பட்டவர் கையில் ஜோலார்பேட்டைக்கு அப்பாலுள்ள ஊரின் சீட்டு இருக்கும். ஆகவே, ஊரின் பெயரைப் பயணியின் முகத்தைப் பார்த்து ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிய பின்னரே சீட்டை எடுப்பதென்று வழக்கப்படுத்திக்கொண்டோம். அந்த அம்மையார் நிகழ்ச்சிக்குப் பிறகு மற்றொரு வழக்கமும் சேர்ந்தது. யாரேனும் ‘அவசரம்’ என்றால், ‘ஏமி அவசரம்?’ என்று திருப்பிக் கேட்கிறோம். தமிழர் காதில் ‘என்ன விரைவு?’ என்றும், தெலுங்கர் காதில் ‘என்ன தேவை?’ என்றும் அது விழுகிறது. இருவருக்கும் பொருந்தும் கேள்வி அதுவே. விடை கூற அவர்களுக்கு நான்கு நொடி ஆகிறது. அந்த நான்கு நொடியில் நாம் தலையை நிமிர்த்திவிடுகிறோம்.

குழந்தைச் செல்வங்களே! நீங்கள் பள்ளியில் தெலுங்கும் வீட்டில் தமிழும் பேசுகிறீர்கள். ‘இரண்டும் கலந்துவிடுகிறதே, தமிழ் கெட்டுவிடுகிறதே’ என்று பெற்றோர் சிலர் வருந்துகிறார்கள். கலப்பது வேறு, இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது வேறு. ஒரே மொழி அறிந்தவன் ஒரு சொல்லைக் கேட்டவுடன் பொருள் தெரிந்துவிட்டதாக எண்ணுகிறான். இரண்டு மொழி அறிந்தவனோ, ‘இது எந்த மொழியின் அவசரம்?’ என்று ஒரு கணம் நிற்கிறான். எடுப்பதற்கும் கவிழ்ப்பதற்கும் இடையே காணாமற்போன கணம் அதுவே. எல்லையில் பிறந்த உங்களுக்கு அது பிறப்புரிமையாகக் கிடைத்திருக்கிறது. தமிழைப் பிழையின்றிக் கற்றுக்கொள்ளுங்கள். தெலுங்கை அன்போடு கற்றுக்கொள்ளுங்கள்.

பெரியோர்களே! எண்ணாமல் செய்துவிட்ட ஒருவரைக் கடிந்துகொள்ளும்போது, அவர் விரைந்தாரா, கண்ணை மூடிக்கொண்டாரா, பழக்கத்தில் உறங்கிவிட்டாரா, தம்மையறியாமல் தவறினாரா என்று எண்ணி, உரிய சொல்லை எடுப்போமாக. எண்ணாமையைக் கண்டிக்கும் சொல்லையாவது எண்ணிச் சொல்வோமாக. நாம் ஒன்றைச் செய்ய விரையும்போது, ‘இது நம் அவசரமா, அவர்கள் அவசரமா?’ என்று உள்ளத்தைக் கேட்போமாக. தேவையாயின் விரைவோம், வெறும் விரைவாயின் ஆற அமர இருப்போம்.

 விருந்து காத்திருக்கிறது. அஃது இருமொழியிலும் அவசரமே!